ரெண்டாம் தவணை வேலி பாய்ந்தது

என் கையெழுத்துக் கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலாலி வீதியில் பஸ் திருநெல்வேலியை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண் பிள்ளைகள். கண்ணாடி போட்டவள் சொன்னாள்:

"என்ரை ரெண்டாம் தவணை நேற்று வேலி பாய்ஞ்சு பக்கத்து வீட்டுக் கத்தரியைத் திண்டிட்டுதடி."

"என்னடி விசர்க்கதை?"

"ஆட்டுக்கு அதுதான் பேர். கம்பியூட்டர் படிப்புக்கு ஒவ்வொரு தவணைக் காசுக்கும் ஒவ்வொரு ஆடு. முதலாம் தவணையைத் தீவாளிக்கு வித்துக் கட்டியாச்சு."

மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் அந்தப் படிப்புக்குத்தான் வாறன். மூண்டு வருசக் காசையும் ஒண்டாக் கட்ட, நாளைக்கு அம்மா தாலிக்கொடியை அடகு வைக்கப் போறா. மிச்சத்துக்கு பாங்க் கடன்."

"விசரி! தவணையாக் கட்டலாமோ எண்டு காசு கட்டுற கந்தோரிலை கேட்டனியே?"

"இல்லை. கேட்டால், காசில்லாத ஆக்கள் எண்டு நினைப்பினம்."

"நான் கேட்டன், ஓம் எண்டிச்சினம். என்னோடை இறங்கு, இப்பவே கேப்பம். ஒரு மறிக்குட்டியும் பங்கு வாரத்துக்குத் தாறன். நீ வளர், அது ஈனுற குட்டியிலை எனக்குப் பாதி."

"பேர் நான்தான் வைப்பன்!"

"வை. கத்தரி இல்லாத பக்கமாக் கட்டு."

பஸ் நின்றது. மிதிபலகையில் நின்றபடியே மற்றவள் தொலைபேசியைக் காதில் வைத்தாள்.

"அம்மா, கொடியைக் கழட்டாதேங்கோ. பின்வேலியை மட்டும் வடிவா அடையுங்கோ."

கேட்டது தைப்பொங்கலுக்கு முதல் கிழமை. எழுதி முடித்தது பங்குனி ஒன்பதாம் திகதி.