ராஜாம்பாளை நன்கு அறிந்தவர்

எங்கள் தெருவில் யாருடைய கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்று சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். யார் வீட்டு மருமகள் எப்போது கோபித்துக்கொண்டு போனாள், யார் சமாதானம் பேசினார்கள், அன்றைக்கு அந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரை சொல்வேன். முத்தியால்பேட்டையில் வசந்தா என்று கேட்டுப் பாருங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் விசாரணைக் கோப்பில் என்னைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருக்கும்.

ஆனி மாதம் அந்த ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். அறுபது தாண்டிய, நோய் நொடி இல்லாத ஆட்கள் வேண்டுமாம். தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, லேசாகக் கரண்ட் விட்டால் ஞாபகசக்தி கூடுகிறதா என்று பார்ப்பார்களாம். ஊசி இல்லை, கத்தி இல்லை. நானும் அடுத்த வீட்டு ராஜாம்பாள் அக்காவும் சேர்ந்துதான் போனோம். அக்காவுக்கு அதில் ஒரு காரியம் இருந்தது. ஓசூரில் இருக்கும் மகன் மதிவாணன், மறதி வந்தால் தனியாக விடமாட்டேன், இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று போனில் மிரட்டிக்கொண்டிருந்தான். "ஞாபகம் நல்லாருக்குன்னு இவங்க குடுக்கற காயிதத்த அவன் மூஞ்சில வீசணும்டி, அப்பறம் என் வூட்ட வுட்டு எவன் கெளப்புவான்?" என்றார்.

பதினைந்து வார்த்தைகளை வாசித்துவிட்டு, கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள் சுடர்விழி என்கிற பெண். அக்கா பன்னிரண்டு சொன்னார். நான் நாலு. அந்த அறையில் ஃபேன் சத்தம் அதிகம். "உங்களுக்கு இது சரிப்படாதும்மா, எதுக்கும் ஒரு டாக்டர பாத்துடுங்க" என்று சுடர்விழி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அதோடு போயிருக்கும். மறுநாள் வைத்திக்குப்பத்து மீன்காரி கூடையை இறக்கியபோது அக்கா வாசலில் நின்றபடி, "ஊரு கதையெல்லாம் தலையில வெச்சினு சுத்துவா, நாலு வார்த்த வரல இவளுக்கு. ஆவாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். மீன்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சேதி எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன.

ஆய்வில் சேர்ந்தவர்களைப் பற்றி வாராவாரம் ஒருவர் படிவம் எழுதித் தர வேண்டும். மேலே 'இவரை நன்கு அறிந்தவர்' என்று அச்சடித்திருக்கும். மகன் ஊரில் இல்லாததால் அக்கா என் பேரைக் கொடுத்தார். மறதி என்று திருப்பி அனுப்பியவளிடமே அக்காவின் மறதியைக் கேட்டார்கள். பொருட்களை இடம் மாற்றி வைக்கிறாரா, நடந்ததை மறக்கிறாரா என்று கேள்விகள். முதல் வாரம் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன்.

இரண்டாம் வாரம் ஒன்றுக்கு 'ஆம்' போட்டேன். பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது. அதனால் அக்கா வீட்டுக்குப் போய் அவர் சாவியை அரிசி டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன். அதற்கடுத்த வாரம், எரிந்துகொண்டிருந்த அடுப்பை நான்தான் அணைத்தேன் என்று அவரிடம் சொன்னேன். அடுப்பு எரியவே இல்லை. அக்கா அதற்குள் எட்டு முறை தொப்பி மாட்டியிருந்தார். "கரண்டு இன்னா பண்ணுதோ தெர்லடி" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஆடி ஐந்தாம் வெள்ளி. வீராம்பட்டினம் தேரை அக்கா ஒரு வருஷமும் விட்டதில்லை. அன்று காய்ச்சல், மாத்திரை போட்டுப் பகல் முழுக்கத் தூங்கிவிட்டார். நான் மட்டும் போய் வந்தேன். சனிக்கிழமை காலையில், தேரைப் பார்க்காமல் விட்டேனே என்று கண்கலங்கினார்.

"இன்னாக்கா சொல்ற? நேத்து ரெண்டு பேருந்தான போனோம்?" என்றேன். தேர்க்கடையில் வாங்கிய வளையலையும் கோயில் குங்குமத்தையும் அவர் அலமாரியில் முன்பே வைத்திருந்தேன். அவற்றை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "கூட்டமாடி?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் சுடர்விழியிடம் அவரே தேர்க்கதை சொன்னார். வடம் பிடித்தபோது என் செருப்பு அறுந்ததாம். தண்ணீர்ப் பந்தலில் மோர் புளித்திருந்ததாம். செருப்பும் மோரும் நான் சொன்னவை அல்ல. அவர் தலைக்குள்ளிருந்தே வந்தவை. எனக்கே ஆச்சரியம்.

ஆவணியில் மதிவாணன் வந்தான். அக்கா தெம்பாகத்தான் இருந்தார். எனக்கா மறதி என்று, தேரை ஒன்றுவிடாமல் அவனுக்குச் சொன்னார், செருப்பு உட்பட. "வசந்தாவயே கேளுடா" என்றார். அவன் கேட்டான்.

"தேரா? அன்னிக்கு நீ காய்ச்சல்ல படுத்துனு இருந்தியேக்கா" என்றேன்.

அக்கா, கையில் போட்டிருந்த அந்த வளையலைத் தொட்டுப் பார்த்தார். பத்து நாளில் மதிவாணன் அவரை வில்லியனூர் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்தான். கரண்ட் விட்டு அம்மா மூளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று புகாரும் கொடுத்தான்.

அதனால்தானே, யாருக்குக் கரண்ட், யாருக்கு இல்லை என்று எழுதி ஒட்டி வைத்திருந்த சீட்டை நீங்கள் பிரித்துப் பார்த்தீர்கள். ஆட்களில் பாதிப் பேருக்குத் தொப்பி மட்டும்தானாம், கரண்டே விடமாட்டார்களாம். அக்கா அந்தப் பாதியில் இருந்திருக்கிறார். அவர் தலைக்குள் மெஷினிலிருந்து எதுவும் போகவில்லை. போனதெல்லாம் என்னிடமிருந்து போனதுதான். நான் மறுக்கவில்லை.

உங்களிடம் வருவதற்கு முன், போன ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போய் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, அடுப்பு, தேர், ஒன்றையும் விடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அப்டியெல்லாம் செய்ய மாட்டியேடி. எனக்குத்தான் எல்லாம் மாத்தி மாத்தி வருது. இப்ப நீ சொன்னதுகூட நெசமா, நானா நெனச்சிக்கறனான்னு தெர்ல. நீயே சொல்லு வசந்தா, நீயா செஞ்ச?"

"இல்லக்கா" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.