ஃபேஸ் பேக் காயும்வரை

என் பெயரையும் வீட்டு முகவரியையும் பாதுகாப்பை முன்னிட்டுத் தனித்தாளில் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தொன்று. பெண்கள் பியூட்டி பார்லரில் வேலை செய்கிறேன். அடுத்தவர் கதையை விசாரிக்காமல் என்னால் ஒரு தலையைக்கூட வாரிவிட முடியாது என்பதால் கடையில் எனக்கு ரேடியோ என்று பட்டப்பெயர்.

இந்த வழக்கில் பாதிக்கப்பட்ட பெண் சில மாதங்களாக எங்கள் வாடிக்கையாளர். வந்ததும் போனைக் கண்ணாடிமேல் சாய்த்து வைப்பார். வீடியோ கால் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் பெரும்பாலும் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றும். அது என்ன என்று எனக்கு மண்டையைக் குடைந்தது. ஒரு நாள், "ஏம்மா, ஃபேனையா கல்யாணம் பண்ணிக்கிட்டே?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. போனிலிருந்து ஓர் ஆண் குரல், "யாரு அது?" என்றது.

அதன் பிறகு அவரைத் தலை அலசப் பின்னறைக்கு அழைத்துச் சென்றேன். தண்ணீர் தெறிக்கும் என்பதால் அங்கே வாடிக்கையாளர்கள் போன் கொண்டுவருவதில்லை. குழாயைத் திறந்ததும் அவர் தானாகப் பேசினார். கணவர் இணையத்தில் பழக்கமானவர் என்றும், ஆரம்பத்தில் விடிய விடிய அழைப்பைத் துண்டிக்காததை அன்பு என்று நம்பியதாகவும், பிறகு பாஸ்வேர்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டதாகவும், இப்போது அழைப்பு நின்றால் அடி விழுவதாகவும் சொன்னார். முடியை விலக்கியபோது காதுக்குப் பின்னால் கன்றிப்போயிருந்தது.

எங்கள் பார்லர் சங்கத்தில் சமூகப் பணியாளர் ஒருவர், வீட்டில் அடிபடும் பெண்களுக்கு எப்படி உதவுவது என்று வகுப்பு எடுத்திருந்தார். "புத்தி சொல்லாதீங்க, அவசரப்படுத்தாதீங்க. முடிவு அவங்களுது. அவங்க போன்லேருந்து மட்டும் எங்களைக் கூப்பிட வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அதனால் அந்தப் பெண் வரும்போதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டு, கடைக்காரம்மாவின் போனில் அந்தச் சமூகப் பணியாளரிடம் பேச வைத்தோம். அந்த மாதங்களில் இந்தத் தெருவிலேயே அவ்வளவு சுத்தமான தலை வேறு இருந்திருக்காது.

சம்பவத்தன்று மதியம் அவர் வீட்டைவிட்டுப் போக முடிவெடுத்தே வந்தார். கடைக்காரம்மா, "ரேடியோ இன்னிக்கு லீவு" என்று போனுக்குக் கேட்கும்படி சொன்னார். அந்தப் பெண்ணின் முடிக்குச் சாயம் பூசித் தொப்பி மாட்டி, முகம் முழுக்க ஃபேஸ் பேக் போட்டு, கழுத்துவரை துணி கட்டி, காயும்வரை வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். அதன் பிறகு கழுத்தில் வழிந்ததைத் துடைப்பதாகச் சொல்லி அவரைப் பின்னறைக்கு அழைத்துவந்தார். அங்கே அதே கோலத்தில் தயாராக இருந்த நான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் போனை விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகச் சமூகப் பணியாளரின் வண்டியில் போய்விட்டார்.

அதன் பிறகு கணவர் என்னை மனைவி என்று நினைத்துப் பேசியதை என் காதால் கேட்டேன். அந்த ஃபேனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இத்தனை மாதம் துடித்தவள் நான். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வீட்டுக்கு வா. அந்த ரேடியோகிட்ட என்ன சொன்னேன்னு உன் கையை உடைச்சுக் கேக்கறேன்" என்றார். பிறகு, "தலையைத் தூக்கு" என்றார். நான் தூக்கினேன். வீட்டில் யார் பேச்சையும் கேட்காத நான், முன்பின் தெரியாத ஆள் சொன்னதும் தூக்கினேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அதன் பிறகு கையைக் காட்டச் சொன்னார். என் நகங்களில் பல வருஷத்துச் சாயம் ஏறியிருக்கிறது. அந்தப் பெண் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்து கடைக்காரம்மா தலையாட்டிய பிறகே கையை நீட்டினேன். "அவங்க இங்க இல்லை" என்றேன். முகத்தில் பேக் வெடித்து உதிர்ந்தது. அதன் பிறகு கணவர் கடைக்கு வந்து கண்ணாடியை உடைத்து, என் கழுத்தைப் பிடித்து, "எங்கே அவ?" என்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் அவரைப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள்.

தெரியாது என்று நான் அந்தக் கணவரிடம் சொன்னது உண்மை. நான் நாற்காலிக்குப் போகும் முன், பின்வாசலில் அந்தப் பெண் தான் போகும் இடத்தைச் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் வாயைப் பொத்தினேன். அவர் முகத்து ஈரப் பேக் என் உள்ளங்கையில் ஒட்டியது. தெரிந்துகொள்ள முடிந்த ஒன்றை நான் வேண்டாம் என்றது என் வாழ்நாளில் அதுதான் முதல் முறை. விசாரணை அலுவலரும் அந்த இடத்தைத் தயவுசெய்து எனக்குச் சொல்ல வேண்டாம்.

இவை யாவும் நானே சொன்னவை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

(சாட்சியின் கையொப்பம்)