மாற்றிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட டிஃபரன்ஷியல் குறித்து

ரொட்டி வேன் ஓட்டுநருக்கு நான் விற்ற பழைய டிஃபரன்ஷியலை, ஏற்றிவிடும்போது மாற்றி வேறொன்றைக் கொடுத்துவிட்டதாக அவர் என்மீது புகார் கொடுத்துள்ளார். நான் மாற்றவில்லை. அவர் பார்த்ததும் அதுதான், ஏற்றிச் சென்றதும் அதுதான்.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. பெயரும் முகவரியும் புகாரில் உள்ளபடி சரி. லாரி கழுவும் வேலையில் ஆரம்பித்து, இப்போது சொந்தமாகப் பழைய உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வண்டி அச்சு விற்பதால் கடைவீதியில் என்னை அச்சுக்காரர் என்பார்கள்.

மேற்படி ஓட்டுநர் சென்ற வாரம், தன் மனைவியின் தம்பியான மெக்கானிக்குடன் கடைக்கு வந்தார். வேனில் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, உடைந்துவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு மெக்கானிக் என்னிடமிருந்த ஒன்றின் அச்சு நீளத்தை அளந்தார், போல்ட் துளைகளைப் பார்த்தார், பிரேக் டிரம்மும் சரி என்றார். கடைசியாகப் பார்க்க வேண்டியது பல் கணக்கு. வெளியே எல்லாம் பொருந்தி இது மட்டும் பொருந்தாவிட்டால் வண்டி ஓடும், ஆனால் எஞ்சின் கதறும்.

அதற்கு ஒரு பக்கச் சக்கரத்தின் இடத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றி, முன்னால் எஞ்சின் பக்கம் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியன் எத்தனை சுற்று போகிறது என்று எண்ண வேண்டும். அந்த வேனுக்கு நாலும் கொஞ்சமும் வர வேண்டும். ஓட்டுநர் பிடித்தார், மெக்கானிக் சுற்றினார், நாலும் கொஞ்சமும் வந்தது. அதன் பிறகு அவர்கள் முன்னிலையிலேயே மஞ்சள் பெயிண்டில் அடையாளம் வைத்தேன். மறுநாள் வந்து ஏற்றிச் சென்றார்கள்.

மாட்டி ஓட்டியதும் எஞ்சின் கதறியதாகவும், ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு மறுபடி எண்ணியதில் நாலரைக்கு மேல் வந்ததாகவும் சொல்லி, நேற்று ஓட்டுநர் என் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். "இன்னைக்கு ஒண்ணக் காட்டுவாரு, நாளைக்கு வேற ஒண்ண ஏத்திவிடுவாரு! யாரும் இங்க வாங்காதீங்க!" உள்ளே பேரம் பேசிக்கொண்டிருந்த இருவர் எதிர்க்கடைக்குப் போனார்கள். பழைய சாமான் விற்கிறவனிடம் பெயர் ஒன்றுதான் புதிதாக இருக்க முடியும். அது போனால் மிச்சமிருப்பது வெறும் இரும்பு.

இன்று காவல் நிலையத்தில் மஞ்சள் அடையாளத்தைக் காட்டினேன். "பெயிண்ட் யாரு வேணாலும் அடிக்கலாமேய்யா" என்று தாங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் கணக்கு உதைத்தது. ஒரே சாமானில் இரண்டு எண்ணிக்கை எப்படி வரும் என்று யோசித்தபோதுதான், அன்று எண்ணும் நேரத்தில் ஓட்டுநருக்கு ஃபோன் வந்தது ஞாபகம் வந்தது.

அதன் பிறகு என் வேண்டுகோளின்படி வேனின் பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி நிறுத்தி, சக்கரங்களில் சாக்பீஸ் கோடு போட்டார்கள். ஓட்டுநர் இரண்டு கையாலும் பிடித்தபோது நாலரைக்கு மேல் வந்தது.

"தம்பி, இப்ப அன்னைக்கு மாதிரி ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டுப் பிடிங்க" என்றேன்.

"இது என்னண்ணே கூத்து?" என்றாலும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். மெக்கானிக் சுற்றச் சுற்ற, அவர் பிடித்திருந்த சக்கரம் அவருக்குத் தெரியாமலே பின்னால் நழுவியது. எண்ணிக்கை நாலும் கொஞ்சமும். கோடு இரண்டு சாண் தள்ளிப் போயிருந்தது. பிடித்த பக்கம் நழுவினால் கணக்கைக் குறைத்துக் காட்டும். அன்று கடையில் நடந்ததும் இதுதான்.

"மாமா, சக்கரத்தப் பிடிக்கச் சொன்னா பேக்கரியப் பிடிச்சிட்டு நின்னிருக்கீங்களே!" என்றார் மெக்கானிக். காவலர் சிரித்துவிட்டார். ஓட்டுநர் சிரிக்கவில்லை. "ஃபோன்ல பேக்கரிக்காரரு வேற வண்டி பாத்துக்கறேன்னு சொன்னாருண்ணே. எடுக்காம எப்படி இருப்பேன்?" என்றார். அதன் பிறகு எனக்கு அவர்மீது கோபம் நிற்கவில்லை.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுள்ளேன்.

இருவரும் சம்மதித்து எழுதச் சொன்னது: இந்த டிஃபரன்ஷியலை நான் திரும்ப எடுத்துக்கொண்டு, கணக்குச் சரியாக உள்ள வேறொன்றை அதே விலைக்குத் தருகிறேன். கழற்றி மாட்ட மெக்கானிக் கூலி கேட்கக் கூடாது. புகார் வாபஸ். வேன் தயாராகும்வரை ரொட்டியை என் கடைப் பெயர் எழுதிய வண்டியில் ஓட்டுநரே ஓட்டிப் போகலாம். டீசல் அவருடையது. போவதும் வருவதும் கடைவீதி வழியாகத்தான்.