வடிதாளில் ஒட்டிய நீல இழைகள்

ஆற்றின் நலமே தம் நலமென எண்ணி அயராது உழைத்துப் பணிநிறைவு பெறும் தலைமை ஆய்வாளர் அம்மையார் அவர்களுக்கு, நீர் ஆய்வகத்தார் அன்போடு அளிக்கும் மடல்.

ஆய்வின் அறமே! அன்பின் உருவே!

வடிதாளம்மா என்பது நாங்கள் அம்மையாருக்கு இட்ட செல்லப்பெயர். நீரை வடித்த தாளைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்த பின்னரே வாய் திறப்பார். தேநீர்க் குவளையையும் அவ்வாறே பார்ப்பதால், "இதுலயும் எதையாவது கண்டுபிடிச்சு என் பொழப்பைக் கெடுத்துடாதீங்கம்மா" என்பார் தேநீர்க்காரர்.

சாலையில் தேயும் டயரின் தூளும், மட்காது நொறுங்கும் பைகளும், துவைக்குந்தோறும் செயற்கைத் துணிகள் உதிர்க்கும் இழைகளும் மழைநீரோடும் கழிவுநீரோடும் ஆற்றை அடைவதைத் தடம்பிடித்துக் காட்டியவர் அம்மையாரே. மருத்துவமனைச் சீருடைகளை வெளுக்கும் சலவைக்கூடத்தின் கீழ்த்துறையில் எடுத்த நீரில் நீல இழைகள் மண்டிக் கிடந்தன. அறிக்கை சென்றது; கூடத்தை மூடும் ஆணையும் ஆயத்தமாயிற்று.

அந்நிலையில், ஆற்றையே கண்டிராத தூய நீரை அம்மையார் வடித்துப் பார்த்தார். அதிலும் அதே நீல இழைகள்.

"என்னம்மா, ஆறு நம்ம ரூமுக்குள்ளயே ஓடுதா?" என்றார் உதவி ஆய்வாளர்.

"ஆறு இல்லப்பா, நம்ம கோட்டு. எல்லாரும் கழட்டுங்க."

எங்கள் நீல மேலங்கிகள் யாவும் பாலியெஸ்டர் என்னும் செயற்கைத் துணி; அவை உதிர்த்த இழைகளே தாளில் விழுந்திருந்தன. அன்றே அறிக்கையைத் திரும்பப் பெற்ற அம்மையார், சலவைக்கூடத்திற்குத் தாமே சென்றார்.

"உங்களைப் பத்தித் தப்பா எழுதிட்டேன். மறுபடி தண்ணி எடுக்கணும்."

"எடுத்துட்டு என்னை விட்டுடுவீங்களா?" என்றார் கூடத்துக்காரர்.

"அதைத் தண்ணிதான் சொல்லணும்."

பருத்தி அங்கி அணிந்து மீண்டும் ஆய்ந்தோம். இழைகள் குறைந்தனவேயன்றி மறையவில்லை. மறைக்காது எழுதினார் அம்மையார். மறுக்காது ஏற்றார் கூடத்துக்காரர். கழிவுக் குழாயில் வடிகட்டி ஏறியது; கூடமும் மூடப்படவில்லை. இன்று கீழ்த்துறை நீரை வடித்த தாள் ஏறக்குறைய வெண்மையாகவே வருகிறது. ஆற்றின் மற்றத் துறைகளும் அவ்வாறு தெளியுமென நம்புகின்றோம். அதனைக் காணும் நெடிய ஆயுளும் நோயற்ற உடலும் அம்மையாருக்கு வாய்க்கவென வாழ்த்துகின்றோம்.

சென்ற வாரம் சலவைக்கூடக்காரர் இங்கே வந்தார். "ரிட்டயர் ஆனதும் நம்மகிட்ட வந்துடுங்கம்மா. என்னை மூடப் பார்த்தவங்களுக்கே சம்பளம் குடுத்தேன்னு நானும் பெருமையா சொல்லிக்குவேன்."

அம்மையார் சற்றே சிரித்தார்.

"வாரா வாரம் வந்து தண்ணி எடுத்துப் பார்க்கிறேன். சம்பளம் வேண்டாம்."

இங்ஙனம்,
நீர் ஆய்வகப் பணியாளர்கள்