ஆற்றில் ஒரு விசாரிப்பு

— கரைக்கு எடு மச்சான் வினோதன். நிரூபாவும் கைடும் வாற கனூத் தோணியைக் காணேல்லை.

— அவையள் வளைவுக்கு அங்கால. உன்ர மனுசி பத்திரமா வருவா. நீ முன்னுக்குப் பார் ராகுலன். பின்னுக்கு இருக்கிறவன்தான் திருப்பிறது, சரியோ?

— முன்னுக்குத் தண்ணி வெள்ளையாக் கொதிக்குது மச்சான். எனக்கு நீந்தத் தெரியாதெண்டு உனக்குத் தெரியும்.

— தெரிஞ்சுதான் இந்தப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான். ரெண்டு பக்கமும் மலை, போனும் வேலை செய்யாது. மோர்னிங்சைட்டில, வீட்டில வச்சுக் கேட்டா எழும்பிப் போயிடுவாய்.

— என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?

— போன மாசம் அஜின்கோர்ட் மீன்கடையில உன்ர மாமாவை, நிரூபாவின்ர அப்பாவைக் கண்டனான். "தம்பி, வலிப்பு இப்ப எப்பிடி? வந்தால் கையில பிடிக்க பொக்கெற்றில இரும்புத் திறப்புக் கோர்வை வச்சிருக்கிறீரோ?" எண்டு சனத்துக்கு முன்னால கேட்டார். எனக்கு எந்தக் காலத்திலயடா வலிப்பு வந்தது?

— துடுப்பைப் போடு மச்சான். கல்லுத் தெரியுது.

— போடமாட்டன். நிரூபாவை எனக்குக் கல்யாணம் பேசேக்க அவர் ஆரிட்டை விசாரிச்சவர்? என்ர கூட்டாளி எண்டு உன்னட்டை. சம்பந்தம் ஏன் குழம்பினது எண்டு தெரியாமல் நான் அழ, நீ பக்கத்தில இருந்து தேத்தண்ணி ஊத்தித் தந்தனி. பிறகு அவளையே கட்டினனி. உன்ர கல்யாணப் பந்தியில சோறு போட்டது நான், சரியோ?

— மச்சான், தோணி சரியுது.

— சரியட்டும். நேற்றிரவு பக்கத்தில அடிச்ச உங்கட கூடாரத்தில இருந்து சிரிப்புக் கேட்டது. வாயைத் திற.

— ஓம், நான்தான் சொன்னனான். உனக்கு வலிப்பெண்டு பொய் சொன்னது நான். எல்லாம் நான் ஒருத்தன்தான். அவளுக்கு ஒண்டும் தெரியாது, அவளை விடு.

— காணும். இப்ப கரைக்கு எடுக்கிறன், பயப்பிடாதை. உன்னைத் தண்ணியில தாட்டால் ஒரு நிமிசத்தில முடிஞ்சிடும். அது எனக்குக் காணாது. இனி ஒவ்வொரு நாளும் அவளின்ர முகத்தைப் பார்த்துச் சா. இந்த வோக்கி டோக்கியின்ர பட்டனை இவ்வளவு நேரமும் முழங்காலுக்குக் கீழ அமத்திக்கொண்டுதான் இருந்தனான். மற்றது நிரூபாவின்ர கையில.

— வினோதன், அதை நிப்பாட்டு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், அவளைக் கதைக்க விடாதை.

— ஏன், சுடுதோ? நிரூபா, கேட்டனீரோ? உம்மட புருசன் ஆரெண்டு இப்ப தெரியுதோ?

— எல்லாம் கேட்டனான் வினோதன். அவரை ஒண்டும் செய்யாதையும். உமக்கு வலிப்பெண்டு அப்பாவிட்டைச் சொல்லச் சொன்னதே நான்தான்.