பனி குடித்த கட்டை

துளசி: கையில அம்பது சென் காசு இருக்குல்ல... ட்ரோன்ல மூட்டை தொங்கப்போற இந்தப் பலகைய ஒருதரம் தட்டிப் பாருங்க விஜயண்ணே. உள்ள எங்கயாச்சும் ஒட்டலன்னா சத்தம் மந்தமா வரும்.

விஜயன்: நீயே தட்டு. துரை பட்டறைக்குள்ள வந்தா உன் பேரத்தானே மொதல்ல கூப்பிடுறாரு.

துளசி: ஆரம்பிச்சிட்டீங்களா...

விஜயன்: பதினாலு வருசமா இந்த எஸ்டேட் லோரிக்கு அடியில படுத்துக் கெடக்கறவன் நான். போன தீபாவளிக்கு வந்தவ நீ. ட்ரோன் செக்‌ஷனுக்கு நீ தலைவி.

துளசி: இன்னும் ஆகல லா. இன்னைக்கு இந்தப் பலகை இருபது கிலோ தேயிலைக் கொழுந்தத் தாங்கினாத்தான்.

விஜயன்: சோத்துத் தட்டு கனம்கூட இல்ல. அதுக்கு எம்புட்டுப் பேச்சு.

துளசி: கனம் கொறஞ்சாத்தானே ட்ரோன் தூக்கும். மேலயும் கீழயும் கார்பன் துணி, நடுவுல பால்சா கட்டை. ஒண்ணுதான் ஆகாது... ஈரம். கட்டை பனியக் குடிச்சிருந்தா ரெசின் பசை பிடிக்காது. தூக்குன கொஞ்ச நேரத்துல துணி உரிஞ்சு வந்துரும்.

விஜயன்: ...அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்.

துளசி: கட்டைப் பைய இறுக்கக் கட்டி வைங்கன்னு உங்ககிட்டதானே பத்து தரம் சொன்னேன்.

விஜயன்: சரி, சரி... எந்தப் பக்கம் பறக்க விடுறீங்க? ஆத்தோரம்தானே?

துளசி: துரை மாத்திட்டாரு. எட்டாம் நம்பர் மலை.

விஜயன்: எட்டா? அங்க ஆளுங்க கொழுந்து வெட்டுறாங்க பிள்ள.

துளசி: ஆமா, பவளம் அக்காவும் அங்கதான். உங்க வீட்டுக்காரி தலைக்கு மேலயே மூட்டை போகப்போகுது.

விஜயன்: இன்னொரு நாள் வெச்சுக்கலாம்லா. பனி இறங்குது பாரு.

துளசி: வெயில் அடிக்குதுண்ணே... துரை கார் வந்துருச்சு. நான் பலகைய மாட்டுறேன்.

விஜயன்: துளசி, கீழ வையி அத.

துளசி: ஏன்?

விஜயன்: சனிக்கிழமை சாயங்காலம் நீ கம்போங் ராஜா போனியே... கட்டைப் பையத் தொறந்து சன்னல்கிட்ட வெச்சது நான்தான். பனி பூரா உள்ள போயிருக்கும். துரை முன்னாடி பலகை வாயப் பொளந்தா போதும்னு நெனச்சேன். பவளம் தலையில விழணும்னு இல்ல... வயித்தெரிச்சல், பிள்ள. வேற என்ன சொல்ல.

துளசி: அந்தக் கட்டையில பலகையே செய்யலண்ணே. ஈப்போவுலேர்ந்து வேற எடுத்தாந்தேன். எட்டாம் நம்பர்னு சொன்னது சும்மா, பறக்கப்போறது ஆத்தோரம்தான்.

விஜயன்: அப்போ... உனக்கு முன்னாடியே தெரியுமா? யாரு சொன்னா?

துளசி: சனிக்கிழமை உங்களுக்குக் கோப்பி கொண்டாந்து, சன்னல் வழியா பாத்துட்டுத் திரும்பிப் போனவங்க. 'அவரா வாயத் தொறந்து சொல்லிட்டா துரைகிட்ட போகாத, மிச்சத்த நான் வீட்டுல பாத்துக்கறேன்'னாங்க.