தண்ணீரில் நின்றவள்

அதிகாலை நாலு மணி. மொஹாவே பாலைவனம் தாண்டிய நெடுஞ்சாலை... எதிரே ஒரு வண்டி கிடையாது. கொரின் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் அவள் அண்ணன் மகன் ரூடி, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஆமாம், போன வருடம் வரை படப்பிடிப்பில் நம்மோடு விளக்கு தூக்கினானே, அதே ரூடிதான். அவன் அத்தைக்கு நடந்தது இது. ஹீட்டரை இப்படித் தள்ளிவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள்.

கொரின் ஷெல்பி என்றால் உங்களுக்குத் தெரியாது. உங்கள் அம்மாக்களுக்குத் தெரியும். ஒன்பது வயதில் நாடே தூக்கிக் கொஞ்சிய பிள்ளை. வெள்ளத்தில் கழுத்தளவு நின்று தம்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பாளே, அந்தக் காட்சிக்காகவே படம் ஓடியது. பதிமூன்றில் நெடுநெடுவென்று வளர்ந்தாள், அதோடு சரி. அப்புறம் ஒரு சோப்பு விளம்பரம், இரண்டு கல்யாணம், வீடு விற்றுக் கொடுக்கும் வேலை. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கதை. பிப்ரவரிக் குளிரில், பச்சைத் தண்ணீரில், இரண்டு மணி நேரம் நின்றாளாம்; அழவே இல்லையாம். ஐம்பது வருடமாக அதைச் சொல்லித்தான் கைதட்டல் வாங்கினாள். அன்றும் பழைய பட ரசிகர்கள் கூட்டம் ஒன்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

நின்றது அவள் இல்லை.

நமக்குத் தெரியாததா... விளக்கைச் சரிபார்க்கும் வரை நட்சத்திரம் வந்து நிற்காது. அதே உயரத்தில் வேறொரு பிள்ளையை நிறுத்துவோம். அன்று நின்றது லோர்னா ப்ரூயிட், எட்டு வயது. வெள்ளக் காட்சி எடுக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்கும் இயந்திரம் பழுது. எல்லாம் தயார், வா என்று மூன்று முறை ஆள் வந்து கூப்பிட்டான். கொரின் வேனுக்குள் வாஃபிள் தின்றுகொண்டிருந்தாள். லோர்னாவின் உதடு நீலம் பாரிப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. தெரிந்தேதான் இன்னொரு வாஃபிள் கேட்டாள். காலையில் இயக்குநர் லோர்னாவைத் தங்கமே என்று கூப்பிட்டுவிட்டார், அந்தப் பொறாமை.

பதினோராம் நாள் நிமோனியாவில் லோர்னா போய்விட்டாள். அவள் கவுனை மாட்டிக்கொண்டு இன்னொரு பிள்ளை வந்து நின்றது. தொலைக்காட்சிப் பேட்டிக்குப் போகும்போது கொரினின் அம்மா அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தாள். கொரின் தடுக்கவில்லை.

டக்... டக்டக்டக்...

அந்த அதிகாலையில், வண்டியின் பின்சீட்டில் பல் தந்தியடிக்கும் சத்தம். பாசித் தண்ணீர் வாடை, துருப்பிடித்த குழாய் வாடை. ரூடி நெளிந்தான்.

"அத்தை, தண்ணி பாட்டில் கொட்டிடுச்சா? சாக்ஸெல்லாம் நனைஞ்சு கெடக்கு."

சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனான். கொரின் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. சாலையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்.

"லோர்னா... இன்னிக்குச் சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும். நின்னது நீதான்னு சொல்லிடறேன்."

சத்தம் நின்றது. அந்த நொடியே.

மேடையில் வழக்கம்போல அந்த வெள்ளக் காட்சி பற்றிய கேள்விதான் முதலில் வந்தது. கொரின் எழுந்தாள். முன் வரிசையில் சக்கர நாற்காலிக் கிழவி ஒருத்தி, கதை தொடங்கும் முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். இதை எடுத்துவிட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று கொரினுக்குத் தோன்றியது. வாய் தன் பழைய வழியிலேயே போனது. இரண்டு மணி நேரம்... அழவே இல்லை.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவளுக்கு உடம்பே கூசியது. ஆனாலும் கை அசைத்தாள். அந்தக் கைதட்டல் அப்போதும் பிடித்திருந்தது, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது என்று ரூடியிடம் பிற்பாடு சொல்லி அழுதிருக்கிறாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு விளக்குகூட அணையவில்லை. மேசையில் உட்கார்ந்து அறுபது புகைப்படங்களில் கையெழுத்துப் போட்டாள். கடைசியில் அந்தக் கிழவி தன் படத்தோடு திரும்பி வந்தாள்.

"உங்க கையெழுத்துதானேம்மா கேட்டேன்? இது யாரு?"

கோணல்மாணலான பிள்ளை எழுத்து. லோர்னா ப்ரூயிட்.

தூக்கக் கலக்கம் என்று சமாளித்து ரூடி வேறு படம் எடுத்துக் கொடுத்தான். கொரின் ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதினாள். லோர்னா ப்ரூயிட். இடது கையால் எழுதினாலும் அதேதான்.

போன மாதம் இருமல் என்று ரூடி அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். படிவத்தை அவளே நிரப்பினாள். என்ன பெயர் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காத்திருக்கும் அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. கதவைத் திறந்த நர்ஸ் படிவத்தைப் பார்த்து, "லோர்னா ப்ரூயிட்" என்று கூப்பிட்டாள். கொரின் எழுந்தாள்.

நர்ஸ் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து, கொரினுக்குப் பக்கத்தில், அவள் இடுப்பு உயரத்தில் பார்த்து, சிரித்தாள்.

"வா கண்ணு. ரொம்ப நேரமா நிக்கிறியா?"